பழைய அலுமினியப் படகு: எந்த ரிவெட் ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நனைந்த சப்பாத்து:

எல்லோருக்கும் வணக்கம். இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். போன ஒக்ரோபரில் லின்ட்சே பக்கம் ஒரு பெரியவரிடமிருந்து 14 அடி அலுமினியப் படகு ஒன்றை, ட்ரெயிலர், 9.9 குதிரைவலு மோட்டார் எல்லாம் சேர்த்து 1,100 டொலருக்கு வாங்கினேன். பின்பக்கத்தில் குத்தியிருக்கும் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் 86. என்னைவிட மூன்று வயது மூத்தது. குளிர்காலம் முழுக்க டிரைவ்வேயில் பனிக்குள் கிடந்தது. "சொல்லாமல் வந்து தங்கிவிட்ட சொந்தக்காரர் மாதிரி இருக்கிறது" என்பது என் மனைவியின் கருத்து.

மே மாதம் முதல் தடவையாக ரைஸ் லேக்கில், பியூட்லி பக்கம் இறக்கினோம். இருபது நிமிடத்தில் மகன் "அப்பா, என் சப்பாத்துக்குள் தண்ணி" என்றான். அன்று இரண்டு மணி நேரத்தில் இரண்டு வாளி இருக்கும், ரிம் ஹோர்டன்ஸ் கோப்பிக் கடைக் கப்பால் அள்ளி ஊற்றினோம். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்கு வாங்கி வைத்திருந்த சிலிக்கோன் ஒரு குழாய் முழுவதையும் தட்டுகள் சேரும் நடுத் தையலில் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிற ரிவெட் ஆணிகள் மேல் பூசினேன். அடுத்த வாரம் அதே அளவு தண்ணீர். கொஞ்சம் கூடவோ என்றும் சந்தேகம்.

எந்த ரிவெட் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெல்டிங் செய்யலாமா? இன்னொன்று: போகும்போது போர்ட் ஹோப்பில் நிறுத்திப் பார்த்தால் ட்ரெயிலரின் இடது சில்லின் நடுக்குடம் கைவைக்க முடியாத சூடு. அது சாதாரணமா? அப்புறம், நாலு பேர் பிடித்தும் படகை அசைக்க முடியவில்லை. அலுமினியம் பாரம் குறைவு என்றுதானே சொல்கிறார்கள்? மூன்று படங்கள் போட்டிருக்கிறேன்.

கராஜ்காரன்:

ஏன் மினக்கெடுகிறீர்கள்? டிக் வெல்டிங் செய்கிற ஆள் ஒருவரைப் பிடித்து தையல் முழுக்க ஒரு ஓட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை.

மயிலிட்டியான்:

கராஜ்காரன் தம்பி, கோபிக்க வேண்டாம், அதை மட்டும் செய்ய விடாதீர்கள். ரிவெட் அடித்த தையலுக்குள் நாற்பது வருடத்து அழுக்கும் பழைய பசையும் இருக்கின்றன. சூடு பட்டவுடன் அது எரிந்து வெல்டுக்குள் குமிழி குமிழியாக நிற்கும். மெல்லிய தட்டு நெளியும், பக்கத்து ரிவெட்டுகள் தளரும். ஒரு ஒழுக்கை அடைக்கப் போய் ஆறு ஒழுக்கு வரும்.

சப்பாத்துத் தம்பிக்கு: முதலில் ட்ரெயிலர். படகு ஒழுகினால் அள்ளி ஊற்றலாம், 401 ஹைவேயில் சில்லு கழன்று போனால் பின்னால் வருகிறவனுக்கு என்ன பதில் சொல்வது? நடுக்குடம் இளஞ்சூடாக இருப்பது சாதாரணம். கைவைக்க முடியவில்லை என்றால் பெயரிங் போய்விட்டது, அல்லது போய்க்கொண்டிருக்கிறது. காரணம் எளிது. ஓடிச் சூடான குடத்தை நேரே குளிர்ந்த குளத்துக்குள் இறக்குகிறோம். உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, பின்பக்கத்து ரப்பர் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மூடியைக் கழற்றிப் பாருங்கள். கிரீஸ் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

இரண்டு பக்கமும் கழற்றுங்கள், சூடான பக்கம் மட்டும் போதாது. பெயரிங்கைக் கழுவிக் காயவைத்து வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். உருளையிலோ வளையத்திலோ நீலம் பாய்ந்திருந்தாலும், குழி விழுந்திருந்தாலும், நகத்தில் தட்டுப்பட்டாலும், வளையத்தோடு சேர்த்துப் புதிது. சீலும் புதிது. கப்பலோட்டிகள் பாவிக்கும் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பெயரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் குத்திக் குத்தி, மறுபக்கத்தால் பிதுங்கி வரும்வரை ஏற்றவேண்டும். மேலால் பூசினால் போதாது. நட்டை இறுக்கும்போது சில்லைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, பிளவு ஆணி போடுங்கள். பழைய பிளவு ஆணியைத் திரும்பப் போட வேண்டாம், அது சில சதம்தான்.

ரயரின் பக்கத்தில் நீளமான எழுத்து வரிசையின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். வீதியில் படுகிற பூ வரிகள் நன்றாக இருக்கின்றன என்று நம்பவேண்டாம். ட்ரெயிலர் ரயர் தேய்ந்து சாவதில்லை, நின்ற இடத்திலேயே வெடிப்பு விழுந்து சாகும். ஆறு வருடம் தாண்டினால் நான் மாற்றிவிடுவேன்.

பாரத்துக்கு வருவோம். இருக்கைப் பெட்டிகளுக்குள் மிதப்பு நுரை அடைத்திருப்பார்கள். பழைய நுரை தண்ணீர் குடித்தால் காயாது. ஒரு இருக்கையின் மேல்தகட்டைக் கழற்றி ஒரு துண்டு வெட்டிப் பிழிந்து பாருங்கள்.

கடைசியாக ஒழுக்கு. படகை நீரில் இறக்கித் தேடுவது வீண்வேலை, தலைகீழாகச் செய்யுங்கள்: படகுக்குள் தண்ணீர் விட்டு வெளியே நின்று பாருங்கள். ஐந்து சென்ரிமீற்றர் உயரம் போதும். அதுவே இருநூறு கிலோவுக்கு மேல் வரும், ஆகவே நடுமுதுகின் கீழ் கட்டைகள் கொடுத்துத் தாங்குங்கள்.

இன்னொரு விடயம். உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படகு உட்காரும் இரண்டு நீளப் பலகைகளில் கார்பெட் கிழிந்த இடத்தில் மரம் பச்சையாகத் தெரிகிறது. அது நான் நினைக்கிற மரமாக இருந்தால் உங்கள் எதிரி ரிவெட் இல்லை. படகைப் பலகையில் இருந்து தூக்கி, கட்டைகளில் வைத்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். இல்லையென்றால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது.

நனைந்த சப்பாத்து:

அண்ணை, நீங்கள் படத்தில் பார்த்ததை நான் எட்டு மாதம் டிரைவ்வேயில் வைத்துப் பார்த்தும் காணவில்லை.

சனிக்கிழமை மச்சானும் நானும் இறங்கினோம். இடது பெயரிங் கிரீஸ், பால்தேத்தண்ணியேதான். வெளி வளையத்தில் மிளகு விழுந்த மாதிரிக் குழிகள். ரயரில் 2309 என்று இருந்தது. என் கல்யாணத்துக்கு முந்தைய ரயரில் மகனையும் ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போயிருக்கிறேன். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

நடு இருக்கையைத் திறந்தோம். ரொட்டி அளவில் வெட்டிய ஒரு நுரைத் துண்டை மச்சான் ஒரு கையால் தூக்கப் பார்த்து இரண்டு கையும் போட்டான். பிழிந்தால் தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர். மூன்று இருக்கையிலும் சேர்த்து ஒன்பது பெரிய குப்பைப் பை வந்தது. அதன் பிறகு இரண்டு பேரே படகின் முன்பக்கத்தைத் தூக்கினோம்.

பிறகு கட்டைகளில் வைத்துத் தண்ணீர் விட்டோம். மகனிடம் மார்க்கர் கொடுத்து, சொட்டுகிற இடமெல்லாம் வட்டம் போடச் சொன்னேன். நடுத் தையலில் நான்கு ரிவெட் சொட்டின. நான் சிலிக்கோன் பூசிய இருபதில் ஒன்றுதான் அந்த நான்கில் இருந்தது.

ஆனால் இடது பலகை தொட்டுக்கொண்டிருந்த இடத்தில், ரிவெட்டே இல்லாத வெறும் தட்டு, ஒரு முழ நீளத்துக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. அதில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. துடைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவர் நுனியால் மெல்ல அழுத்தினேன். நுனி உள்ளே போய்விட்டது. சத்தம்கூட இல்லை, பழைய பிஸ்கட் ரின்னைக் குத்தியது மாதிரி. தண்ணீர் நூல் மாதிரிப் பாய்ந்து என் முகத்தில் அடித்தது. மகன் அதற்கும் ஒரு வட்டம் போட்டான். எண்ணிப் பார்த்தால் பதினொரு ஊசித்துளை. வலது பக்கம் குழிகள் மட்டும், துளை இல்லை.

படகைக் குப்பையில் போடுவதா, திருத்துவதா?

மயிலிட்டியான்:

குப்பையில் ஏன் போட வேண்டும்? ஒரு முழம்தானே.

நடந்தது இதுதான். பூச்சி அரிக்காமல் பதப்படுத்தி விற்கிற பச்சை மரத்தில் செம்பு இருக்கிறது. 2003 முடிவோடு வீட்டுப் பாவனைக்கான மரத்தில் ஆர்செனிக் கலவையைக் கைவிட்டு, அதற்குப் பதிலாகச் செம்பைக் கூட்டினார்கள். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் பக்கத்தில் இருந்தால் அலுமினியம்தான் கரையும். அதோடு கார்பெட் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அலுமினியம் காற்றுப் பட்டால்தான் தன் மேல் தோலைத் தானே கட்டிக்கொள்ளும், ஈரச் சாக்குக்குள் அதற்கு வழியில்லை. உங்கள் பெரியவர் நல்ல மனதோடு கடையில் "நீண்ட நாள் உழைக்கிற மரம்" கேட்டு வாங்கிப் போட்டிருப்பார். மரம் உழைத்தது, படகுதான் உழைக்கவில்லை.

அந்தப் பலகைகளை இன்றே கழற்றுங்கள். பதப்படுத்தாத சீடார் போடுங்கள். கார்பெட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டை பூட்டினால் தண்ணீர் நிற்காது. ஆனால் அதில் படகு வழுக்கும், இறங்குதுறையில் வண்டி தண்ணீர்க்கரைக்குப் போகும் முன் முன்கொக்கியைக் கழற்றவே கூடாது. ஒரு தடவை நான் கழற்றி, படகு கொங்கிரீட்டில் உட்கார்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கைதட்டினார்கள்.

பதினொரு துளையும் கிட்டக்கிட்ட இருப்பதால் எபொக்சி மட்டும் போதாது. அந்த இடத்தின் மேல் தகடு போடவேண்டும். 5052 என்கிற அதே ரக அலுமினியத்தில், மூலைகளை வட்டமாக வெட்டி, நல்ல தட்டு கிடைக்கும்வரை ஓரம் தள்ளி. இடையில் கடல்வேலைக்கான பொலியூரித்தேன் பசை தாராளமாக. ரிவெட் அலுமினியத்தில் மூடிய முனை ரகம் வாங்குங்கள். கடையில் சும்மா கிடைக்கிற பொப் ரிவெட் நடுவில் ஓட்டையும் இரும்புக் கம்பியும் உள்ளது, அது ஒழுகும், துருவும். வலது பக்கத்துக் குழிகளுக்கு எபொக்சி போதும். எபொக்சியை ஈரமாகப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே உப்புத்தாளால் தேயுங்கள். தேய்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பூசினால் அதற்குள் ஒக்சைட் தோல் வந்திருக்கும், பிடிக்காது. இரும்புக் கம்பித் தூரிகை படகுக்குக் கிட்டவும் வரக்கூடாது.

நான்கு ரிவெட்டையும் புதிதாக்க வேண்டாம், இறுக்கிப் பாருங்கள். வெளியே தலையின் மேல் மச்சான் ஒரு கனமான இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க, உள்ளே நீங்கள் வாலில் சுத்தியலால் நாலைந்து தட்டு. ஓங்கி அடிக்க வேண்டாம். அதற்கு முன் சிலிக்கோனை ஒரு துளி மிச்சமில்லாமல் சுரண்டுங்கள். அது இருந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. ஊரில் பைபர் வள்ளம் என்றால் கண்ணாடியிழைப் பாயும் ரெசினும் வைத்து மாலைக்குள் ஒட்டி, மறுநாள் கடலுக்கு விடுவோம். அலுமினியத்தில் கால்வாசி நேரம்தான் ஒட்டுவதற்கு, மிச்சமெல்லாம் துடைப்பது.

நுரை திரும்பப் போட்டே ஆகவேண்டும். கவிழ்ந்தால் படகைத் தாங்குவது அதுதான். சுவருக்குப் போடுகிற இளஞ்சிவப்பு அல்லது நீலக் கடின நுரைப் பலகையை வெட்டி அடுக்குங்கள். பெற்றோல் பட்டால் அது கரையும், தாங்கிப் பக்கம் கவனம்.

மோட்டார் பூட்டுகிற பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தீர்களா? டக் டக் என்றால் சரி, பொத் பொத் என்றால் உள்ளே பிளைவுட் ஊறிவிட்டது. மாற்றுவதானால் அங்கேயும் பச்சை மரம் வேண்டாம்.

அல்லிக்குளம்:

தம்பி, திருத்த வேலை எனக்குத் தெரியாது. நான் பன்னிரண்டு வருடமாகக் கயாக், பிறகு சின்ன மோட்டார் படகு. பொலிஸ் மறித்துப் பார்ப்பதை மட்டும் சொல்கிறேன்.

9.9 என்பதால் படகுக்கு உரிமஇலக்கம் தேவையில்லை, அது 10 குதிரைவலுவிலிருந்து. ஆனால் ஓட்டுபவருக்குப் படகோட்டும் தகுதி அட்டை வேண்டும், 2009 முதல் மோட்டார் எவ்வளவு சின்னதென்றாலும் விலக்கு இல்லை. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, மகனுக்கு அவன் நிறைக்கு ஏற்றது. 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, துடுப்பு, விசில். அந்த ரிம் ஹோர்டன்ஸ் கப் செல்லாது! அள்ளும் பாத்திரம் பிளாஸ்டிக் அல்லது உலோகத்தில், 750 மில்லிலீற்றருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். நான்கு லீற்றர் பால்கலனை வெட்டி வைத்துக்கொண்டால் முடிந்தது.

குளத்தைவிட்டு ஏறியதும் படகின் பின்னடியில் இருக்கும் வடிகால் அடைப்பைக் கழற்றி, பாசியைப் பிடுங்கிவிட்டுத்தான் வீதியில் ஏறவேண்டும். சீப்ரா மட்டி போன்றவை மற்றக் குளங்களுக்குப் பரவாமல் இருக்க, 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் அது சட்டம். கழற்றிய அடைப்பை வான் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஏன் என்று அனுபவத்தில் சொல்கிறேன், ஸ்கூகொக் ஏரியில் அடைப்பு இல்லாமல் இறக்கியவள் நான்.

நனைந்த சப்பாத்து:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். பெயரிங் இரண்டு பக்கமும், ரயர் இரண்டும், சீடார் பலகைகளும் புதிது. பின்பலகை டக் டக். தகடு போட்டாயிற்று, ரிவெட் கொஞ்சம் கோணல், ஆனால் மறுபடி தண்ணீர் விட்டுப் பார்த்தபோது அந்த இடம் காய்ந்தே இருந்தது. நான்கு ரிவெட்டில் மூன்று தட்டியதில் அடங்கின. நான்காவது பிடிவாதம், துளைத்து எடுத்துப் புதிது போட்டேன்.

ஞாயிறு மறுபடி பியூட்லி போனோம். போர்ட் ஹோப்பில் நிறுத்தி இரண்டு குடத்திலும் கைவைத்தேன், இளஞ்சூடு. நாலு மணி நேரம் தண்ணீரில். பின்மூலையில் ஒரு சின்னக் கரண்டி அளவு தண்ணீர், அதுவும் மகன் பிடித்த சன்ஃபிஷ் துள்ளியதில் வந்தது என்று அவன் சொல்கிறான்.

இப்போது இன்னொரு பிரச்சினை. இடது சமிக்ஞை போட்டால் ட்ரெயிலரின் இரண்டு பக்க விளக்கும் சேர்ந்து மங்கலாக மினுங்குகிறது. பல்பு மாற்றிப் பார்த்தேன், அதேதான்.

மயிலிட்டியான்:

வெள்ளைக் கம்பி, அதாவது எர்த் கம்பி. ட்ரெயிலர் சட்டத்தில் பூட்டியிருக்கும் இடத்தைக் கழற்றி, துருவைப் பளபளக்கத் தேய்த்துவிட்டுத் திரும்பப் பூட்டிப் பாருங்கள். பல்பை இனி மாற்ற வேண்டாம்.