சொந்தமாகப் பட்டறை போட்டவர்கள்: நீங்கள் நேரில் பார்த்தது

கோவை ஸ்டோர்கீப்பர்:
2012 கரண்ட் கட் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது நான் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தேன். எங்களிடம் பல வருடம் டர்னராக, அதாவது லேத் என்ற கடைசல் மெஷினை ஓட்டுபவராக இருந்த அண்ணன், முதலாளியிடமே பழைய லேத்தைத் தவணைக்கு வாங்கி கணபதி பகுதியில் ஷெட் போட்டார், பம்ப் ஷாஃப்ட்டைக் கடைந்து கொடுக்கும் கூலி வேலையையும் (ஜாப் ஒர்க்) முதலாளியே கொடுத்தார். இங்கே எத்தனையோ பட்டறைகள் இப்படிப் பிறந்தவைதான். ஒருநாள் 40 ஷாஃப்ட் எடுக்கப் போனால் 11தான் முடிந்திருந்தது. நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது, ஓடிப்போய் மெஷினைப் போட்டார், ஒரு கடைசல்கூட முடியவில்லை, மறுபடி கரண்ட் போய், ஷாஃப்ட்டைப் பிடித்துச் சுற்றும் சக் மெல்லச் சுற்றி நின்றுவிட்டது. பனியன் வேஸ்ட்டை எடுத்து அந்த ஷாஃப்ட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. 1930களில் பைக்காரா கரண்ட் வந்து மில்லும் மோட்டாரும் பெருகிய ஊர் இது. அந்தக் கரண்ட் இல்லாமலே அவர் ஷெட்டைக் காலி செய்தார்.

திருப்பூர் தங்கச்சி:
கரண்ட் மட்டும்தான் காரணம் என்று சொல்லாதீர்கள் அண்ணா. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களும் இங்கே மூடினார்கள். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் நின்றபோது, மச்சான் பவர் டேபிள், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்கள் இறக்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றுக்கு அந்த உத்தரவு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் சாயம் ஏறிய துணி வந்தால்தானே தைக்க முடியும்? அக்கா தினமும் அந்த மெஷின்களின் பிரிக்காத பாலிதீன் கவர் மேல் தூசி தட்டிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சிவகாசிக்காரர்:
இரண்டு பேரும் வசதி இருந்தால்தான் தொழில் வரும் என்பதுபோல் பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் மழையும் இல்லை, விவசாயமும் இல்லை. அதனால்தான் 1920களில் இரண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். என் தாத்தா அப்படி வந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்போம்) குச்சி அடுக்கியவர். சரி, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரே கம்பெனியை நம்பி மெஷின் வாங்காதீர்கள். மானியத்தைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று மாதச் செலவைக் கையில் வையுங்கள். மெஷின் ஓடாவிட்டாலும் கரண்டுக்கு நிலைக்கட்டணம் உண்டு, அதையும் எழுதுங்கள். முக்கியமாக சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்யுங்கள், சிறு தொழிலுக்கான 2006 சட்டப்படி பில் பணம் 45 நாளைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வட்டியோடு கேட்கலாம்.

கோவை ஸ்டோர்கீப்பர்:
நீங்கள் சொல்வது நல்லதுதான் ஐயா. எங்கள் கம்பெனியும் அவருக்கு நான்கு மாதப் பாக்கி வைத்திருந்தது, அந்த பில்கள் என் டிராயரில்தான் இருந்தன. சட்டம் தெரிந்திருந்தாலும் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். லேத் கொடுத்தவரே முதலாளிதானே.