ஒரே தட்டில் விதைத்த மூன்று குளிர்காலப் பூச்செடிகள்: எங்கே தவறினேன்?

கேள்வி

குளிர்காலத்தில் பூக்கும் தொட்டிச் செடிகளை விதையிலிருந்தே வளர்த்துப் பார்க்கும் ஆசையில், சைக்ளமன், ப்ரிமுலா, சினரேரியா ஆகிய மூன்றையும் ஒரே விதைத்தட்டில் வரிசையாக விதைத்தேன். எல்லாவற்றின் மீதும் மெல்லிய அளவில் மண்கலவை தூவி, நீர் தெளித்து, கண்ணாடியால் மூடி, 27 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் சன்னல் ஓரமாக வைத்தேன். பன்னிரண்டாம் நாள் சினரேரியா ஆங்காங்கே முளைத்தது. ஆனால் நான்கே நாட்களில் அந்த நாற்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டன. மற்ற இரண்டும் 25 நாட்களாகியும் தலைகாட்டவில்லை. விதை பழுதா, என் முறை பழுதா? தட்டைக் கொட்டிவிடலாமா?

முதல் மறுமொழி

தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். சைக்ளமனுக்கு 25 நாள் என்பது ஒரு தாமதமே அன்று. தகுந்த குளிர்ச்சி கிடைத்தாலும் அது முளைக்க நான்கு முதல் ஆறு வாரங்கள் எடுத்துக்கொள்ளும். உங்கள் தட்டிலோ அந்தக் குளிர்ச்சியும் இல்லை. தொட்டிகளில் நாம் வளர்க்கும் சைக்ளமனின் தாவரவியல் பெயரில் (சைக்ளமன் பெர்சிகம்) பாரசீகம் இருந்தாலும், அதன் பிறப்பிடம் கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதி. அங்கே கோடை வறண்டது. மழை குளிர்காலத்துக்கு உரியது. ஆகவே வெப்பம் மிகுந்திருக்கும்போது முளைத்துக் காய்ந்துபோகாமல், மண் குளிர்ந்து ஈரமாகும் வரை காத்திருப்பதே அந்த விதையின் இயல்பு. 15 முதல் 18 டிகிரி வரையிலான வெப்பமே அதற்கு ஏற்றது. 20 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு தடைபடும். வெளிச்சமும் அதற்கு ஆகாது. எனவே அந்த வரிசையைத் தனித்தட்டுக்கு மாற்றி, விதையின் மேல் அரை சென்டிமீட்டர் கலவை இட்டு, வெளிச்சம் புகாதபடி மூடி, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வையுங்கள். அடுத்த முறை விதைக்கும் முன் ஓர் இரவு நீரில் ஊறவைப்பதும் நல்லது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை ப்ரிமுலாவின் நிலை இதற்கு நேர்மாறு. அதற்கும் குளிர்ச்சி வேண்டும். ஆனால் வெளிச்சமும் வேண்டும். விதையைக் கலவையின் மேற்பரப்பில் தூவி, விரலால் மெல்ல அழுத்தினால் போதும். அதன் வீரியம் விரைவில் குறைந்துவிடுமாதலால், பழைய விதையை நம்பாமல் புதிய விதையைக் கொண்டு மீண்டும் தொடங்குங்கள்.

இரண்டாம் மறுமொழி

சினரேரியாவுக்கு நேர்ந்தது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வாழ் நோய்க்கிருமிகளுக்கு, வெப்பமும் ஓயாத ஈரமும் காற்றோட்டமற்ற கண்ணாடி மூடியும் சேர்ந்தால் கொண்டாட்டம்தான். முளை தெரிந்த அன்றே மூடியை அகற்றியிருக்க வேண்டும். புதிய கலவை, கழுவிய தட்டு, அடர்த்தியில்லாத விதைப்பு, தட்டின் அடியிலிருந்து நீர் ஊறச் செய்வது ஆகியவற்றைக் கடைப்பிடித்தால், மருந்து தேடும் தேவையே பெரும்பாலும் வராது. நுண்ணிய விதையாதலால் உலர்ந்த மணலுடன் கலந்து தூவுவது கைக்கு எளிது.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள்: சினரேரியா விதைத்த ஐந்தாறு மாதங்களில் பூக்கும், ஆனால் மொட்டு தோன்றுவதற்குச் சில வாரங்களேனும் 15 டிகிரிக்கும் குறைந்த குளிர் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் இலை மட்டும் செழித்து, அசுவினிப் பூச்சிக்கு விருந்தாகும். என்னைக் கேட்டால், அத்தகைய இடத்தில் பான்சி என்னும் பூச்செடியே மேல்; அது இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை.

மூன்றாம் மறுமொழி

ஒரு சிறு எச்சரிக்கை. உங்களுடைய ப்ரிமுலா, ஆப்கோனிகா வகையாக இருந்தால் கையுறை அணிந்து நாற்றைத் தொடுங்கள். அதன் இலையில் உள்ள ப்ரிமின் என்னும் பொருள் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். ப்ரிமின் இல்லாத ரகங்களும் உண்டு. விதை உறையில் அந்தக் குறிப்பைத் தேடிப் பாருங்கள்.

கேட்டவர்

சைக்ளமன் தட்டைக் குளிர்ந்த அறைக்கு மாற்றி ஐந்து வாரங்கள் ஆகின்றன. நேற்றும் இலை எதுவும் தெரியாததால், பொறுமையிழந்து ஓரிடத்தில் கலவையை மெல்ல விலக்கிப் பார்த்தேன். கடுகைவிடச் சற்றுப் பெரிய, வெளிர்நிற உருண்டை ஒன்று வேருடன் இருந்தது. இது கிழங்குதானா? இனி எப்போது பிரித்து நடுவது?

முதல் மறுமொழியாளர்

கிழங்கேதான். சைக்ளமன் முதலில் கிழங்கையும் வேரையும் அமைத்துக்கொண்ட பிறகே ஒற்றை இலையை மேலே அனுப்பும். தோண்டிய இடத்தை மூடிவிட்டு, தட்டை இன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். நேர்வெயில் மட்டும் வேண்டாம். இரண்டு மூன்று இலைகள் வந்தபின், கிழங்கின் உச்சி கலவையின் மட்டத்தில் இருக்குமாறு சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். இறுதித் தொட்டியில் கிழங்கின் மேற்பகுதி வெளியே தெரிய வேண்டும். நீர் அதன் நடுவில் தேங்கினால் அழுகும். முதிர்ந்த கிழங்குக்குக் கோடையில் நீரைக் குறைத்து ஓய்வு தருவது வழக்கம் என்றாலும், முதலாண்டு நாற்றை அப்படிக் காயவிடாதீர்கள். நிழலான இடத்தில் வைத்து, பூக்கும் வரை தொடர்ந்து வளரவிடுங்கள்.