சாப்பாடு கொடுக்கிறோம் சரி, உட்கார இடம் கொடுக்கிறோமா?

வரைபலகை:
பொது இடங்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். பூங்காவோ பேருந்து நிறுத்தமோ, எதற்கு வரைபடம் கொண்டுபோனாலும் "இதில் யாரும் வந்து படுத்துவிட மாட்டார்களே?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். லண்டனில் கேம்டன் நகராட்சி 2012இல் ஒரு கான்கிரீட் பெஞ்சைப் போட்டது. மேற்பரப்பு முழுக்கச் சரிவு, எந்தப் பக்கம் திரும்பியும் படுக்க முடியாது, எதையும் ஒளித்துவைக்க ஓர் இடுக்குகூடக் கிடையாது. அதே லண்டனில் 2014இல் ஓர் அடுக்குமாடி வாசலில் இரும்பு முட்களைப் பதித்தார்கள், ஊரே கொதித்ததும் பிடுங்கி எடுத்தார்கள். முள் என்றால் கண்ணில் குத்துகிறது, பெஞ்சின் நடுவில் ஒரு கம்பி வைத்தால் யாரும் கவனிப்பதில்லை.

என் கேள்வி தன்னார்வலர்களுக்கு. வாரக் கடைசியில் கூட்டமாகப் பூங்காவுக்கு வந்து வீடில்லாதவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறீர்கள். அதை வாங்கியவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார், எங்கே கை கழுவுவார், அப்புறம் எந்தக் கழிப்பறைக்குப் போவார்? பூங்கா திருத்த வேலைக்கு நகராட்சி கருத்துக் கேட்கும்போது உங்களில் ஒருவரைக்கூட அங்கே பார்த்ததில்லை.

கரண்டி:
நான் அப்படி ஒரு குழுவில்தான் இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் பெஞ்ச் வரைபடத்திலிருந்து பூங்காவுக்கு வந்துசேர எத்தனை வருடம் ஆகும்? பசி இன்று ராத்திரிக்கு. நாங்கள் கொடுப்பதும் வெறும் பொட்டலம் இல்லை. வாரா வாரம் அதே முகங்களைப் பார்க்கிறோம். யார் இந்த வாரம் வரவில்லை, யாருடைய கால் புண் சீழ் பிடித்திருக்கிறது, யாருக்கு அடையாள அட்டை தொலைந்து உதவித்தொகை நின்றுபோயிருக்கிறது என்பதெல்லாம் வரிசையில் நிற்கும்போது பேசித்தான் தெரியவருகிறது. எந்த அலுவலகத்துக்கும் போகாதவர்கள் எங்களிடம் சொல்கிறார்கள்.

பொது இடத்துக்காகத் தன்னார்வலர்கள் நிற்பதில்லை என்பதும் தவறு. அமெரிக்காவில் ஃபோர்ட் லாடர்டேல் நகரம் 2014இல் வெளியிடத்தில் உணவு கொடுக்கக் கட்டுப்பாடு போட்டபோது, ஆர்னால்ட் அபோட் என்ற 90 வயதுக்காரர் மீறிக் கொடுத்து வழக்கு வாங்கினார். இன்னொரு குழு நீதிமன்றம் போனது. பூங்காவில் சேர்ந்து உணவைப் பகிர்வதும் கருத்துரிமைக்குள் வரும் என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சொன்னது.

எதிர்வீடு:
பூங்காவுக்கு எதிரே குடியிருக்கிறவன் நான். இந்த மாதிரிப் பேச்சுகளில் எங்களை எப்போதும் ஈரமில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். நான் பார்ப்பதைச் சொல்கிறேன். ஞாயிறு மாலை மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் வருகின்றன, ஒருவருக்கு மூன்று பொட்டலம் கிடைக்கிறது. செவ்வாயும் புதனும் ஒருவரும் வருவதில்லை. மிச்சம் புதருக்குள் கிடக்கும், எலி வரும், திங்கள் விடியற்காலையில் துப்புரவுத் தொழிலாளி குனிந்து குனிந்து பொறுக்குவார். அவருக்காக நீங்கள் யாரும் பேசுவதில்லையே?

நடுக்கம்பி விஷயமும் அவ்வளவு எளிதில்லை. என் அம்மாவுக்கு முழங்கால் வலி, பிடிமானம் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. கம்பி வைத்தாலே கொடுமை என்று சொல்லாதீர்கள்.

வரைபலகை:
உங்கள் அம்மாவுக்குத் தேவை இரண்டு ஓரத்திலும் கைப்பிடி, முதுகுக்குச் சாய்மானம், தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. உயரம். பெஞ்ச் தாழ்வாக இருந்தால் கைப்பிடி இருந்தும் எழுவது கஷ்டம். நடுவில் பிடி வேண்டுமென்றால் சில பெஞ்சுகளில் வைக்கலாம், நானே வைத்திருக்கிறேன். பூங்காவில் உள்ள அத்தனை பெஞ்சுக்கும் ஒரே நாளில் நடுக்கம்பி வெல்டிங் செய்கிறார்கள், சாய்மானமே இல்லாத பெஞ்சுக்கும் சேர்த்து என்றால் அது முழங்காலுக்காகச் செய்ததில்லை.

அசுத்தம் பற்றிச் சொன்னது முழு உண்மை. ஆனால் காரணம் என்ன? மூடியுள்ள குப்பைத்தொட்டி இல்லை, குழாய் இல்லை, இருக்கிற கழிப்பறையையும் இருட்டினால் பூட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் 2016 இறுதியில் தொடங்கிய ஹெபடைடிஸ் ஏ (கல்லீரல் அழற்சி) பரவலில் 592 பேருக்கு நோய் வந்தது, 20 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி வீடில்லாதவர்களும் போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்களும். அது மலத்திலிருந்து கை வழியாக வாய்க்குப் போகும் நோய். தடுப்பூசி போட்டதோடு, தெருவில் கை கழுவும் தொட்டிகளும் இரவும் திறந்திருக்கும் கழிப்பறைகளும் வைத்தார்கள். உயிர் போன பிறகு வைத்தார்கள், அதுதான் வயிறு எரிகிறது. வைக்க வழி தெரியாமலா? அதே நாட்டில் போர்ட்லாண்ட் நகரத்தில் 2008லேயே ஒரு தெருக் கழிப்பறையை வடிவமைத்துவிட்டார்கள். கீழேயும் மேலேயும் இடைவெளி விட்ட சட்டங்கள், உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியும், உடம்பு தெரியாது. குழாய் வெளிப்பக்கம், உள்ளேயே நின்று துணி துவைக்க முடியாது.

சாவிக்கொத்து:
மூன்று பேரும் தட்டுக்கும் பலகைக்கும் சண்டை போடுகிறீர்கள். வீடு கொடுங்கள் என்று ஒருவரும் ஆரம்பிக்கவே இல்லை. பின்லாந்தில் 1980களின் இறுதியில் 18,000 பேருக்கு மேல் வீடில்லாமல் இருந்தார்கள், 2023இல் அது 4,000க்கும் கீழே. 2008இலிருந்து அரசே திட்டமாக எடுத்து, இரவுத் தங்குமிடங்களைக்கூடத் தனித்தனிக் குடியிருப்பாக மாற்றியது. குடியை விட்டுவிட்டு வா, வேலை தேடிக்கொண்டு வா என்று நிபந்தனை போடாமல், முதலில் வாடகை ஒப்பந்தமும் சாவியும் கையில் கொடுத்தார்கள், மற்ற உதவி அப்புறம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை உணவு அரசாங்கத்துக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று அதிகாரிகள் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். படுக்க வசதியான பெஞ்ச் போட்டாலும் அதேதான் நடக்கும்.

கரண்டி:
நாங்கள் ஒரு வாரம் போகாவிட்டால் அரசாங்கம் வெட்கப்பட்டு வீடு கட்டிவிடுமா? ஒரு வாரம் பட்டினி கிடப்பார்கள், அவ்வளவுதான். வீடு வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நீங்கள் சொல்லும் நாட்டுக்கே அதற்குப் பல வருடம் ஆனது, அங்கேயும் 2024இல் எண்ணிக்கை மறுபடி ஏறியிருக்கிறது. சாவி கிடைத்தவர்களும் எங்களிடம் சாப்பிட வருகிறார்கள், வாடகை கட்டியபின் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்கிறார்கள்.

எதிர்வீடு அவர்களே, மூன்று குழு ஒரே நாளில் வருவது எங்கள் தவறுதான், கிழமை பிரித்துக்கொள்ள வேண்டும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்துக் கொடுக்கவும் கூடாது, அதில் சில குழுக்கள் அலட்சியமாக இருப்பது எனக்குத் தெரியும்.

எதிர்வீடு:
அப்படியானால் ஒரு கூடத்துக்குள் வைத்துக் கொடுங்களேன். மேசை, மின்விசிறி, குழாய் எல்லாம் இருக்கும், அவர்களுக்கும் மரியாதை.

கரண்டி:
கூடம் கொடுத்தால் நாளைக்கே போகிறோம். ஆனால் அடையாள அட்டை கேட்பார்கள், மூட்டையை வெளியே வை என்பார்கள், நாயை உள்ளே விடமாட்டார்கள். மூட்டை திருடு போகும் என்று பயந்தே பாதிப் பேர் வரமாட்டார்கள். அதனால் பூங்காவை விட மாட்டோம்.

சாவிக்கொத்து:
மறுபடியும் பூங்காவுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். குழு குழுவாக உழைப்பவர்கள் மாதத்தில் ஒரு நாளாவது வீட்டுவசதி அலுவலகத்து வாசலில் நின்றால் என்ன?

வரைபலகை:
நிற்கட்டும், நானும் வருகிறேன். அதற்கு முன்னால் அடுத்த வாரம் பூங்கா திருத்தத்துக்குக் கருத்துக் கேட்பு வருகிறது. நான் கேட்கப்போவது இரவு முழுக்கத் திறந்திருக்கும் கழிப்பறை, இரண்டு குழாய், நடுக்கம்பி இல்லாத பெஞ்சுகள்.

எதிர்வீடு:
கழிப்பறைக்கும் குழாய்க்கும் எங்கள் தெருவில் கையெழுத்து வாங்கித் தருகிறேன், கூடவே ராத்திரிக் காவலுக்கு ஆளும் வேண்டும். கம்பியை எடுக்க மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன்.

கரண்டி:
நான் நேரில் வந்து கம்பியை எடுக்கச் சொல்லித்தான் பேசுவேன். மைக் எனக்கு முன்னால் உங்களுக்குக் கிடைத்தால் கழிப்பறையையாவது முதலில் சொல்லிவிடுங்கள்.