கெஸ்ட் போஸ்ட், கமெண்ட் லிங்க்: எதுவரை போகலாம்?

எஸ்இஓ (கூகுள் தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் வேலை) தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். அக்காவின் மரச்செக்கு எண்ணெய்க் கடை வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பிளாக்குகளில் கமெண்ட் போட்டு மாதாமாதம் பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்) வாங்கித் தருவதாக ஒருவர் வந்தார். மாதிரி காட்டச் சொன்னால், யாரோ எழுதிய மீன் குழம்புப் பதிவின் கீழே "அருமையான பதிவு, நன்றி", பெயர் போடும் இடத்தில் "சிறந்த நல்லெண்ணெய் சென்னை"! இதற்குக் காசு வேறு. கமெண்ட் லிங்க்குகளுக்காகத்தானே கூகுள் 2005லேயே நோஃபாலோவை (இந்த லிங்க்கைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லும் குறி) கொண்டுவந்தது, 2019ல் யுஜிசி (வாசகர்கள் போடும் லிங்க்), ஸ்பான்சர்ட் (காசு கொடுத்துப் போடும் லிங்க்) என்று இன்னும் இரண்டு குறிகளைச் சேர்த்தது, அப்புறம் எதற்கு இந்த வேலை என்று அனுப்பிவிட்டேன்.

கெஸ்ட் போஸ்டில், அதாவது அடுத்தவர் பிளாக்கில் நாம் எழுதும் கட்டுரையில்தான் குழப்பம். ஒரு சமையல் பிளாக்கில் எழுதக் கேட்டிருக்கிறார்கள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் கசடு ஏன் தங்குகிறது, அதை எப்படித் தெளியவைப்பது என்று உருப்படியாக எழுத விஷயம் இருக்கிறது. கட்டுரைக்குள் லிங்க் திணிக்காமல், எழுதியவர் குறிப்பில் கடைப் பெயரோடு மட்டும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கும் நோஃபாலோ போடச் சொல்லி நாமே கேட்க வேண்டுமா? பணம் கொடுத்தால் ஸ்பான்சர்ட் போட வேண்டும், அது தெரியும்; இங்கே பணப்பேச்சே இல்லை. அதே கட்டுரையை நம் தளத்திலும் போட்டால் சிக்கல் வருமா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.