மூடுபனி வெறும் மேக்கப்தானா? ஹோம்ஸ் காலத்துக் கதைகளை வைத்து ஒரு சண்டை

ராக்கோழி
‘ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்’ மூணாவது தடவை முடிச்சேன், டாயலோட ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் நாவல். திட்டுறவங்க திட்டலாம். இங்கிலாந்தோட டார்ட்மூர் பொட்டல், பாறை, சதுப்பு, மூடுபனி எல்லாத்தையும் கழிச்சுட்டுப் பார்த்தா மிச்சம் ஒரு சொத்துத் தகராறு. பங்காளி ஒருத்தன் பேரை மாத்திக்கிட்டுப் பக்கத்துலயே குடியேறி, வாரிசுகளை ஒழிக்கப் பார்க்கறான். கொஞ்சம் கதை படிச்சுப் பழகினவனுக்கே பாதியில ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். அப்புறம் எதுக்கு அவ்வளவு பனி? சுமாரான கதைக்கு மேக்கப். திகில் வர்றது எழுத்தாளர் எதை மறைக்கறார்ங்கறதுல. எந்த ஊர்ல நடக்குதுங்கறதுல இல்ல.

வாசல்திண்ணை
தம்பி, ‘ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ படித்திருப்பீர்கள். 1892-ல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்தது. அதில் வரும் பாம்பை யோசித்துப் பாருங்கள். மணிக்கயிற்றில் இறங்கும், பால் குடிக்கும், விசில் அடித்தால் திரும்பி ஏறும். இந்தியப் பாம்பாம். நம்மூரில் எவனாவது அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறானா? பகலில் யாராவது சொன்னால் சிரித்துவிடுவோம். கதையில் சிரிக்கவில்லையே, ஏன்?

ஹோம்ஸும் அவர் நண்பர் வாட்சனும் ராத்திரி காவலிருக்கும் அந்த அறைதான் காரணம். விளக்கு ஏற்றக் கூடாது, ஏற்றினால் அடுத்த அறைக்காரனுக்குத் துவாரம் வழியாக வெளிச்சம் தெரிந்துவிடும். ஹோம்ஸ் கட்டிலில், பக்கத்தில் பிரம்பு. வாட்சன் நாற்காலியில், மேஜை ஓரத்தில் ரிவால்வர். தூரத்துக் கோயில் மணி கால்மணிக்கு ஒருதரம் அடிக்கிறது. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று. சட்டென்று துவாரத்தில் ஒரு கீற்று ஒளி, எண்ணெய் கருகும் வாடை, சூடேறிய உலோக வாடை. பக்கத்து அறையில் எவனோ மூடிய லாந்தரை ஏற்றியிருக்கிறான். பாம்பு வர இன்னும் நேரமிருக்கிறது, நமக்கு அதற்குள் வேர்த்துவிடுகிறது.

ராக்கோழி
அண்ணே, நீங்க சொல்றது எனக்குத்தான் சாதகம். அந்த அறையில என்ன இருக்கு? தரையோட சேர்த்து அறைஞ்ச கட்டில். இழுத்தா அடிக்காத மணிக்கயிறு. வெளிக்காத்துக்குத் திறக்காம அடுத்த ரூமுக்குத் திறக்கற துவாரம். மூணும் தடயம். தடயத்தை எல்லாம் சூழல் கணக்குல எழுதினா எப்படி? அந்தப் பங்களாத் தோட்டத்துல சும்மா சுத்தற சிவிங்கிப்புலியும் பபூனும் இருக்கு பாருங்க, அதுதான் சுத்தமான சூழல். கதைக்கு அதால நயா பைசா பிரயோஜனம் இல்ல.

கணக்குப்பிள்ளை
முதலில் ஒரு திருத்தம். இந்தத் திரி விக்டோரியா ராணி காலத்துக் கதைகளுக்கு. அவர் 1901 ஜனவரியில் காலமானார். ‘ஹவுண்ட்’ தொடராக வர ஆரம்பித்தது அதே வருஷம் ஆகஸ்டில். கதை நடப்பது 1889-ல் என்பதால் இந்தத் திரியில் சேர்த்துக்கொள்ளலாம், போகட்டும்.

‘ப்ரூஸ்-பார்ட்டிங்டன் ப்ளான்ஸ்’ கதையை ஏன் யாரும் எடுக்கவில்லை? எழுதியது 1908, நடப்பது 1895 நவம்பர். எதிர்வீடு கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் பனி. லண்டன் முழுக்க நிலக்கரி அடுப்பு எரிந்த காலம், பனியோடு அந்தப் புகையும் சேர்ந்து தொண்டையை அடைக்கும். வருங்கால மனைவியோடு நாடகத்துக்கு நடந்துபோகிற ஒருவன் திடீரென்று அந்தப் பனிக்குள் ஓடி மறைகிறான். மறுநாள் காலை ஆல்ட்கேட் ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்தோரம் பிணம். சட்டைப்பையில் டிக்கெட் இல்லை, தண்டவாளத்தில் ரத்தமும் இல்லை.

வேறோர் இடத்தில், தண்டவாளத்தை ஒட்டிய வீட்டு ஜன்னலுக்குக் கீழே ரயில் நிற்கிறது. அந்த நேரம் பார்த்துக் கூரைமேல் பிணத்தை வைத்துவிடுகிறார்கள். ஆல்ட்கேட்டில் தடம் மாறும்போது வண்டி குலுங்க, உருண்டு விழுகிறது. பனி இல்லாத ராத்திரியில் இந்தக் காரியம் நடக்குமா? இங்கே பனி மேக்கப் இல்லை சார், கூட்டாளி. அதைக் கழித்தால் கதையே விழுந்துவிடும்.

மூன்றாம்பிறை
எல்லாரும் பனியையே பிடிச்சுத் தொங்கறீங்க. ‘காப்பர் பீச்சஸ்’ல வசந்தகால வெயில். வெளிர்நீல வானம், பஞ்சு மேகம். ரயில்ல போகும்போது பச்சைக்கு நடுவே தெரியற பண்ணைவீட்டுக் கூரைகளைப் பார்த்து வாட்சன் சொக்கிப் போறார். ஹோம்ஸுக்கு அந்த வீடுகள் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தள்ளி இருக்குங்கறது மட்டும்தான் படுது. பட்டணத்துச் சந்துல ஒரு குழந்தை அலறினா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். இங்க யாருக்குக் கேட்கும்னு கேட்கறார். அந்த நிமிஷத்துலேர்ந்து வெயிலே பயமா இருக்கு. திகிலுக்கு இருட்டு வேண்டாம், கூப்பிட்டா வர ஆள் இல்லாத இடம் போதும்.

ராக்கோழி
அக்கா, அது ஹோம்ஸோட வசனம். இடம் அப்படியேதான் இருந்துச்சு, வாட்சனுக்கு அழகாத்தானே பட்டுச்சு? அவர் வாயைத் திறந்த பிறகுதான் பயம். அப்போ பயம் வந்தது சொல்லுலேர்ந்து.

மூன்றாம்பிறை
சொல் எதைச் சுட்டிக்காட்டிச்சு? வீடுகளுக்கு நடுவே இருந்த தூரத்தை. அந்தத் தூரம் அங்க இல்லாம இருந்தா அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

‘மூன்ஸ்டோன்’ வேற விஷயம். வில்கி காலின்ஸ் நாவல், 1868. வைரம் 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூறையாடினப்போ எடுத்தது. கதை முக்கால்வாசி யார்க்‌ஷயர் கடற்கரை வீட்டுல. அங்க ஒரு புதைமணல். அலை திரும்பற நேரத்துல மேற்பரப்பு லேசா நடுங்கும். வேலைக்காரப் பெண் ரோசன்னா அதையே வெறிச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பா. கடைசியில அதுலயே இறங்கிடறா. அவ மறைச்சு வச்ச தகரப்பெட்டியைச் சங்கிலி பிடிச்சு, திருடனைத் தேடற ஃப்ராங்க்ளின் ப்ளேக் வெளியே இழுக்கறான். உள்ளே பெயிண்ட் கறை பட்ட இரவு உடை, வைரத்தை எடுத்தவன் போட்டிருந்தது. யாருதுன்னு பெயரைத் தேடறான், அவன் பெயரே இருக்கு. ராக்கோழி, அந்த மணல் தடயமா, சூழலா? பிரிச்சுக் காட்டுங்க பார்ப்போம்.

ராக்கோழி
மணலை விட்டுத் தரேன். டார்ட்மூரை விட்டுத் தர மாட்டேன்.

வாசல்திண்ணை
அப்படியானால் டார்ட்மூருக்கே வருகிறேன். கடைசி ராத்திரி. ஹோம்ஸ், வாட்சன், போலீஸ்காரர் லெஸ்ட்ரேட் மூவரும் பாறை மறைவில். நீங்கள் சொன்ன அந்தப் பங்காளி ஸ்டேப்பிள்டன் வீட்டிலிருந்து வாரிசு சர் ஹென்றி தனியாக நடந்துவர வேண்டும், கொல்ல ஏவிய நாய் பின்னால் வரும், சுட வேண்டும். திட்டத்தில் குறையே இல்லை. சதுப்புப் பக்கமிருந்து பனி நகர்ந்து வருகிறது. முதலில் தோட்டச் சுவர், பிறகு வீட்டின் மூலைகள். இன்னும் கால் மணி நேரத்தில் அவர் வராவிட்டால் பாதை மூடிவிடும் என்று ஹோம்ஸே பதறுகிறார். மூவரும் பின்வாங்குகிறார்கள். பனிச்சுவரிலிருந்து நாய் பாயும்போது ஹென்றி அவர்களைத் தாண்டிப் போயாகிவிட்டது. ஒரு நொடி உறைந்துபோகிறார்கள், அப்புறம்தான் சுடுகிறார்கள். நாய் ஹென்றியின் கழுத்து வரைக்கும் போய்விடுகிறது. கொலைகாரன் யார் என்று நமக்கு முன்பே தெரியும், நீங்கள் சொன்னதுதான். தெரிந்தும் ஏன் படபடக்கிறது? எழுத்தாளர் அங்கே எதையும் மறைக்கவில்லை தம்பி, பனி மறைக்கிறது.

கணக்குப்பிள்ளை
குதிரையை மறந்துவிட்டீர்கள். ஏழாம் அத்தியாயத்தில் பட்டப்பகலில் ஒரு மட்டக்குதிரை சதுப்பில் அமிழ்ந்து சாகும். உள்ளே போய்த் திரும்பத் தனக்கு வழி தெரியும் என்று ஸ்டேப்பிள்டன் அதே இடத்தில் பீற்றிக்கொள்வான். வழிக்கு அடையாளமாக நட்ட குச்சிகள் கடைசியில் பனியில் தெரியாமல் போகும்.

ராக்கோழி
குதிரை நியாயமான பாயிண்ட். அந்தப் பக்கம் படிக்கும்போது எனக்கும் வயிறு கலங்கிச்சு, பொய் சொல்லல.

ஆனா அந்த முடிவுலதான் எனக்கு மெயின் கோபம். ஸ்டேப்பிள்டன் சதுப்புக்குள்ள ஓடிடறான், அவன் செத்ததை யாரும் பார்க்கல. மறுநாள் காலை போறாங்க. பருத்திப்புல் திட்டுல ஹென்றியோட பழைய கறுப்பு பூட்ஸ் ஒண்ணு கிடைக்குது. அதை எடுக்க ஹோம்ஸ் இடுப்பு வரைக்கும் சேத்துல இறங்கறார். அதுக்கு அப்பால ஒரு காலடித் தடம்கூட இல்ல. சேறு விழுங்கிடுச்சுன்னு அவங்களே முடிவு பண்ணிக்கறாங்க. வில்லனைப் பிடிக்க வழி தோணாம இடத்து மேல பாரத்தைப் போட்டுட்டார் டாயல்னுதான் எனக்குத் தோணுது.

வாசல்திண்ணை
போலீஸ் விலங்கு மாட்டிக் கூட்டிப்போயிருந்தால் மூன்றாவது தடவை படித்திருப்பீர்களா?

ராக்கோழி
அது வேற கேள்வி அண்ணே. ‘மூன்ஸ்டோன்’ இன்னிக்கு ராத்திரி எடுக்கறேன். அந்த மணலைப் பார்த்துட்டு வந்து பதில் சொல்றேன்.