பெயரை விட்டுவிட்டுத் தழும்பைத் தேடினேன்

எங்கள் எள்ளுப்பாட்டி கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போய்த் திரும்பியவள் என்று வீட்டில் சொல்வார்கள். புருஷனோடு போனாள், ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள், அவ்வளவுதான் கதை. அந்தப் பெட்டியும் இப்போது இல்லை.

அப்படி வேலைக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்களைத் தட்டச்சு செய்து தேடும்படி வைத்திருக்கிறார்களே, ஒரு மணி நேர வேலைதான் என்று உட்கார்ந்தேன். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அவள் பெயரோ ‘ஆயி’ என்று முடிகிற, தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர், அதையும் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார். எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் இரண்டு மாதம் போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் மற்ற கட்டங்கள் கண்ணில் பட்டன. அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உயரம், கடைசியில் உடம்பிலுள்ள அடையாளம். பெரிய அத்தைக்குப் போன் போட்டேன். “இடது கையில தீச்சுட்ட வடு இருக்கும்னு எங்கம்மா சொல்லும். அவங்க அப்பா பேரைத்தான் எங்கம்மாவோட மாமாவுக்கு வச்சாங்க” என்றார்.

தென்னாற்காடு ஜில்லா, பெண், அந்த அப்பா பெயர். மூன்று பேர் வந்தார்கள். ஒருத்திக்கு மட்டும் இடது முன்கையில் தீக்காயத் தழும்பு. வயது 22. ஊர்ப் பெயரைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை, வாய்விட்டுப் படித்தால் எங்கள் ஊர்!

ஆனால் புருஷனைக் காணோம். பட்டியலில் ஆளுக்கு ஒரு எண் உண்டு, குடும்பமாகப் போனவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண் கொடுத்திருப்பார்கள். அவளுக்கு முந்தைய எண் வேறு ஜில்லாக்காரர். அடுத்த எண்ணில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. இப்படி ஒரு குழந்தை இருந்ததாக எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அத்தை நம்பவே இல்லை. “புருஷன் இல்லாம எப்படிடா கப்பல் ஏறும்?” நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், தனியாக வந்தவளை ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் திருப்பி அனுப்பியிருக்க மாட்டான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிள்ளைக்கு என்ன பேர் போட்டிருக்கு என்று கேட்டார்.

அந்த எண்ணைத்தான் பிறகு வருகிற கல்யாணம், சாவு என்று எல்லாப் பதிவிலும் போடுவார்களாம். இப்போது குழந்தையின் எண்ணை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.