புதுப்பிப்பு: பேட்மேன் கார்ட்டூன், டிவிடி போதுமா ப்ளூ-ரே வாங்கலாமா?

'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' டிவிடி தொகுப்பு நான்கும் இருக்க, 2018-இல் வந்த ப்ளூ-ரேக்கும் காசைக் கொட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, வாங்கியாயிற்று. தாராளமாக வாங்கலாம்.

தொடரை ஃபிலிமில் எடுத்திருந்ததால் அதிலிருந்தே புதிதாக ஸ்கேன் செய்ய முடிந்திருக்கிறது. பின்னணி ஓவியங்களைக் கறுப்புத் தாளில் தீட்டினார்கள் அல்லவா, டிவிடியில் வெறும் இருட்டாகக் கிடந்த கட்டடங்களில் இப்போது பெயிண்ட் தடம்கூடத் தெரிகிறது. உருவங்களை வரைந்த ஒளிபுகும் தாள் (செல்) மேல் ஒட்டிய தூசியும்தான்! எனக்கு அது பிடித்தே இருக்கிறது. நல்லவேளை, பழைய டிவி வடிவமான 4:3 சட்டகத்தில் கைவைக்கவில்லை.

முதல் 85 அத்தியாயங்கள், அப்புறம் வந்த 24, கூடவே இரண்டு படங்கள். எல்லாம் ஒரே பெட்டியில்.

டிவிடிகள் அக்கா மகனுக்குப் போய்விட்டன. விலை கேட்டவர்கள் மன்னிக்கவும்.